நாலாம் நம்பர் வோட்கா

பின்னறையில் ஒரு குட்டி மதுக்கூடம் வைத்தே தீருவது என்று நாக்கு ஆபீசர் சபதம் எடுத்தது ஒரு சனிக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. முந்தின நாள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. செம்புக் கோப்பையில் ஒரு பானம் கொடுத்தார்கள். வோட்கா, இஞ்சி பீர் என்கிற காரச் சோடா, எலுமிச்சைச் சாறு, மேலே ஐஸ். முதல் வாயில், இத்தனை நாள் தான் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை என்று அவருக்குப் பட்டது. இரண்டாம் வாயில், இதைத் தன்னைவிட நன்றாகக் கலக்க ஊரில் ஆளில்லை என்று பட்டது. மூன்றாம் வாயில் பின்னறை ஞாபகம் வந்தது.

நாக்கு ஆபீசர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரை வாயில் ஊற்றி, நாக்கில் உருட்டி, துப்பி, நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் உத்தியோகம். ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கு ஒரு ஆள் எதற்கு என்று கேட்டவர்களோடு அவர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

பின்னறை விவகாரம் கொஞ்சம் பழையது. வீட்டம்மா முடி திருத்தும் கலைஞி. பதினொரு வருடமாக யாரோ ஒருத்தியின் கடையில் நின்றபடியே வேலை. பின்னறைக்குத் தெருப் பக்கம் தனி வாசல் உண்டு, உள்ளே குழாயும் தொட்டியும் உண்டு. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி போட்டால் சொந்தக் கடை. எட்டு மாதத்துக்கு முன் அதைத்தான் அவள் கேட்டாள். வீட்டுக்குள் நாலு பேர் வந்து போவது ஆபீசருக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லை. அதனால், அந்தக் குழாய்த் தண்ணீர் மோசம், தலையில் பட்டால் முடி கொத்துக்கொத்தாக வரும், இதை நான் ஆபீசராகவே சொல்கிறேன் என்று ஒரு போடு போட்டார். உண்மையில் அந்தக் குழாயை அவர் திறந்து பார்த்ததுகூட இல்லை.

பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. தண்ணீர் ஆபீசரே சொன்ன பிறகு அந்தக் குழாயடியில் யார் தலையைக் கொடுப்பார்கள்? வீட்டம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் வந்து சோபாவில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ளும்போதெல்லாம் ஆபீசருக்கு உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும். உடனே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அதனால் மதுக்கூடம் என்றதும் வீடு ரெண்டாகும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். வீட்டம்மாவோ பையை எடுத்துக்கொண்டு, கடைக்கு நானும் வர்றேன் என்றாள். ஆபீசர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மளிகைக் கடையில் முதலில் இஞ்சி ஏல் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஆபீசர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். இது இஞ்சியை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்த சர்க்கரைத் தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு இஞ்சி பீரில் நாலு தினுசு வந்தது. நாலாவது தினுசு கண்ணில் நீர் வரவழைத்து, காதை அடைத்து, ஏழு விக்கல் கொடுத்தது. இதுதான், இதிலேயே ஒரு டஜன் கட்டு என்றார் விக்கலுக்கு நடுவே. எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து, அமுக்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பழக்காரம்மா பொறுமை இழந்து, வாங்கப் போறீங்களா, வைத்தியம் பார்க்கப் போறீங்களா என்று கேட்ட பிறகுதான் ஆறு பழம் எடுத்தார். செம்புக் கோப்பை மட்டும் பேச்சில்லாமல் மூன்று கிடைத்தது.

வோட்காவில்தான் நின்றுவிட்டார். கடையில் ஐந்து வகை இருந்தது, ஐந்தும் ஒரே வெள்ளை. எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டார்.

"நல்ல வோட்கான்னா நிறம் இருக்கக் கூடாது சார், மணம் இருக்கக் கூடாது, ருசி இருக்கக் கூடாது. தொண்டையில எரியாம இறங்கணும்" என்றார் கடைக்காரர்.

ஆபீசருக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் படிப்புக்கு இப்போதுதான் பரீட்சை வைக்கிறார்கள் என்று சொல்லி, ஐந்திலும் ஒவ்வொரு சின்னச் சீசா வாங்கினார். வீட்டம்மா மட்டும் கடைக்காரரிடம், நல்ல வோட்கா எப்படி இருக்கணும்னு சொன்னீங்க என்று இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அவள் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, சும்மா குடிச்சுப் பார்த்துச் சொன்னா நாளைக்கு யாராவது நம்புவாங்களா? ஆபீஸ்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யலாமே."

"எப்படி?"

"அதான் விதிமுறைப் புஸ்தகம் இருக்கே. நீங்க எழுதினது. நான் படிச்சு மாதிரியெல்லாம் தயார் பண்றேன். நம்பர் போட்டு, எது எங்கேருந்து வந்ததுன்னு எழுதி உறையில போட்டு ஒட்டி வைக்கிறேன். மாடி வீட்டுப் பல் டாக்டர் சாட்சி. வீட்ல படிவம்கூட ஒரு கட்டு வச்சிருக்கீங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அந்தப் புத்தகத்தை மதித்துப் பேசியது இதுவே முதல் தடவை. ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வரி மாறக் கூடாது, எல்லாம் விதிப்படி நடக்கணும் என்று அவரே ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார். ஒரு வரியும் மாறாது என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்தார். வலிக்கும் என்றால் வலிக்கும் என்று நோயாளியிடம் உள்ளதைச் சொல்லிச் சொல்லியே பாதி நோயாளிகளை இழந்தவர். சாட்சிக்கு அவரைவிட ஆள் கிடையாது. ஆபீசர் அலுவலக வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாக்கைத் தட்டி எழுப்புவதற்காக என்று இரண்டு சீசா இஞ்சி பீரை உள்ளே தள்ளி, ஐந்து விக்கல் விக்கிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எதிரே ஆறு கண்ணாடித் தம்ளர், ஒன்று முதல் ஆறு வரை நம்பர் ஒட்டி.

வாங்கினது ஐந்துதானே, ஆறு எப்படி என்று கேட்டார். உங்க புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு என்றாள் வீட்டம்மா. புத்தகத்தை எழுதிப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. சாட்சியின் முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா? ஆமாமா, ஆறுதான் என்று தலையாட்டினார்.

முதல் நம்பர் தொண்டையைக் கீறியது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் பெயிண்ட் டப்பா வாசனை. மூன்றாவது வயிறு வரைக்கும் எரிந்துகொண்டே போய் அங்கேயும் அணையவில்லை. நாலாவதை வாயில் விட்டதும் ஆபீசர் கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை. பல் டாக்டர் கவலைப்பட்டு நாடி பிடித்துப் பார்த்தார்.

"எழுதிக்கோ" என்றார் ஆபீசர், கண்ணைத் திறக்காமலே. "நிறமில்லை. மணமில்லை. சுவையில்லை. எரிச்சல் துளியும் இல்லை. மலையடிவாரத்து ஓடை மாதிரி இருக்கு. இதைச் செஞ்சவன் கலைஞன்."

ஐந்தையும் ஆறையும் மரியாதைக்காக நாக்கில் வைத்துத் துப்பினார். பிறகு நாலாம் நம்பருக்கான படிவத்தைப் பூர்த்தி செய்தார். அது தண்ணீர்ப் படிவம். 'மேற்படி நீர் மிகத் தூய்மையானது, எல்லாவிதப் பயன்பாட்டுக்கும் உகந்தது' என்று அச்சடித்தே இருந்தது. நீர் என்ற இடத்தை அடித்துத் திருத்தலாமா என்று டாக்டர் கேட்டார். படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி என்று சொல்லி, ஆபீசர் மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். டாக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எடுத்த இடம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. உறையைப் பிரித்த பிறகுதான் அதை நிரப்ப வேண்டும்.

டாக்டர் உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"நாலாம் நம்பர், பின்னறைக் குழாய்த் தண்ணி."

ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டம்மா புத்தகத்தைத் திறந்து பதினான்காம் விதியை நிதானமாக வாசித்தாள். மாதிரிகளோடு மாதிரியாக, வெறும் தண்ணீர் ஒன்றைச் சோதிப்பவருக்குத் தெரியாமல் வைக்க வேண்டும். சோதிப்பவரின் நாக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கீழே எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆபீசர் சுதாரித்துக்கொண்டார். ஓடை என்றுதானே சொன்னேன், ஓடையில் வேறென்ன ஓடும், தண்ணீர் என்று கண்டுபிடித்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று சாதித்தார்.

"அப்போ சந்தோஷம். தண்ணின்னு தெரிஞ்சேதான் நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றாள் வீட்டம்மா.

"அது... வந்து... நான் வோட்கான்னு நெனச்சு..."

"அப்போ தண்ணி எது, வோட்கா எதுன்னு உங்களுக்குத் தெரியலையா? சரி, இன்னொரு பிரதியை ஆபீசுக்கு அனுப்பிடலாம்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார், மாடியில நோயாளி காத்திட்டிருக்காங்க" என்றார் பல் டாக்டர்.

ஆபீசர் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. எட்டு மாதம் பொறுத்திருந்தவள், அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பேனாவை வாங்கி, எடுத்த இடம் என்ற கட்டத்தில் பின்னறைக் குழாய் என்று அழகாக எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகவும், நாற்காலி செவ்வாய்க்கிழமை வருவதாகவும் அவள் தெரிவித்தாள். நாற்காலியை எப்போது சொல்லி வைத்தாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அவள் செம்புக் கோப்பை மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். ஐஸ் போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள், இஞ்சி பீர் ஊற்றினாள். டாக்டருக்கும் தனக்கும் ஐந்தாம் நம்பர் வோட்காவைக் கலந்தாள். ஆபீசர் கோப்பையில் மட்டும் நாலாம் நம்பரைத் தாராளமாகச் சாய்த்து, உங்களுக்குப் பிடிச்சதையே போட்டிருக்கேன் என்று நீட்டினாள்.

வாங்கிக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.