காற்றுமணி இல்லாத பேட்டை

"அந்த மணியைக் கழட்டச் சொல்ல முடியுமா?"

வெண்டெல் புருசாக் இப்படிக் கேட்டபோது பெர்னடீன் காரை நிறுத்தி முடிக்கக்கூட இல்லை.

"எந்த மணி சார்?"

"பக்கத்து வீட்டு வாசல்ல தொங்குதே. காத்தடிச்சா கிணுகிணுங்குதே, அது."

"அது அவங்க வீட்டு மணி சார்."

"சத்தம் நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

ஃபோர்ட் வெய்ன் நகரத்தில் பெர்னடீன் இருபத்திரண்டு வருடமாக வீடு பார்த்துக் கொடுக்கிறவள். ஆற்று வெள்ளம் வரும் என்று ஒரு பேட்டையை வேண்டாம் என்றவர்களைப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் சரியில்லை என்றவர்களைப் பார்த்திருக்கிறாள். கிணுகிணுப்புக்காக நானூறு வீடுகளை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்த மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள். காரைத் திருப்பினாள். வெண்டெலின் பாதம் படும் பாக்கியம் அந்த வீட்டுக்கு வாய்க்கவில்லை.

இது ஏழாவது பேட்டை. முதலாவதில் மரம் அதிகம். இலை கூட்ட ஆள் வைக்க வேண்டும். இரண்டாவதில் மரமே இல்லை. அப்புறம் அது என்ன பேட்டை? நான்காவதில் ஒரு நாய் அவரை மரியாதையில்லாமல் பார்த்தது.

வெண்டெல் சிகாகோக்காரர். அவர் வேலை பார்த்த அச்சகத்தைச் சித்திரையிலேயே மூடிவிட்டார்கள். அவர் மனைவி லோர்னாவுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. ஆக, வேலை மனைவிக்கு. புருஷனுக்கு என்ன? லோர்னா அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

"நீதான் முன்னாடி போய் நல்ல பேட்டையாப் பாக்கணும், வெண்டெல். நான் இங்க மூட்டை கட்டுறேன். இதெல்லாம் உனக்குத்தான் வரும்."

ஐந்து மாதமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது மந்திரி பதவி மாதிரி இருந்தது. அன்றைக்கே ஒரு தடி நோட்டு வாங்கினார். நான்கு நிறத்தில் பேனா வாங்கினார்.

பேட்டை பார்ப்பதில் அவருக்கு முன் அனுபவமும் உண்டு. பதினாறு வருடத்துக்கு முன் சிகாகோவில் வீடு பார்த்தவர் அவர்தான். மேம்பாலத்தில் ஓடும் ரயில் அந்தச் சமையலறையை ஒட்டிப் போகும். லோர்னா தோசைக்கல் மாதிரி ஒரு கல்லில் அப்பம் சுடும்போது, பயணிகள் வேகிறதா கருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். வெண்டெலின் கணக்கில் அது 'போக்குவரத்து வசதியுள்ள வீடு'.

திரும்பி வரும் வழியில் ஒரு சின்னத் தெரு குறுக்கிட்டது.

"இது என்ன தெரு?"

"கெட்டில் தெரு. அது வேண்டாம் சார், உங்களுக்கு ஒத்து வராது" என்று சொல்லி பெர்னடீன் காரை விரட்டினாள். வெண்டெல் மணியைப் பற்றிச் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாமான் லாரி வருகிறது. இன்னும் ஒன்பது நாள்.

தரகர் என்றால் தன் லாபத்தைத்தான் பார்ப்பாள், ஊர்க்காரனைக் கேட்டால்தான் உண்மை வரும் என்று முடிவு செய்து, மறுநாள் வெண்டெல் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனார். லைல் என்கிற பெரியவர் கடை. சுவரோரம் மூன்று பேர், முடி வெட்டிக்கொள்ளும் உத்தேசமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல நல்ல பேட்டை எதுங்க?" என்று கேட்டார் வெண்டெல். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க பேட்டைதான். வேறெது?" என்றார் ஒருவர்.

"உங்க பேட்டையா? மழை பேஞ்சா மீன் பிடிக்கலாம், அதைச் சொல்லு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பேசக் கூடாதுய்யா."

"ஏன்? எண்பத்தேழுல உங்க ஹைஸ்கூலை ஃபுட்பால்ல உதைச்சு அனுப்பினோமே, அந்தக் கோவமா?"

"அந்த நடுவர் உன் மச்சான்!"

லைல் மட்டும் நிதானமாகக் கத்திரியை ஓட்டினார். இடது பக்கம் முடிந்து வலது பக்கத்துக்கு வந்தார். "நம்ம பிஷப்ஸ் பார்க் பேட்டை பாத்தீங்களா தம்பி? அமைதியான இடம்."

"முதல் நாளே பாத்தேன். அங்க ஒரு வீட்டு வாசல்ல சிமென்ட் வாத்துக்கு மழைக்கோட்டு மாட்டி வச்சிருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்க நடுவுல எப்படிங்க குடியிருக்கிறது?"

கத்திரி நின்றது.

"அது என் வீடு" என்றார் லைல். "கோட்டு தச்சது என் சம்சாரம்."

துணியை உதறி மடித்தார். "முடிஞ்சுது. போய்ட்டு வாங்க."

வலது பக்கம் ஆரம்பிக்கவே இல்லை. வெண்டெல் பாதித் தலையோடு விடுதிக்குத் திரும்பினார்.

நேரில் கேட்டால்தானே வம்பு? ஊர் மக்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அதில் மிகவும் பணிவாகத்தான் எழுதினார்: 'புதிதாகக் குடிவருகிறேன். காற்றுமணி குறைவாக உள்ள பேட்டை எது? வாத்துப் பொம்மை இல்லாத தெருவுக்கு முன்னுரிமை. யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை.'

சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். புண்படுத்தும் நோக்கம் அவர்களுக்கும் இல்லை என்றுதான் எல்லாரும் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பெண்மணி, அன்றே கடைக்குப் போய்ப் பத்தொன்பது மணிகள் வாங்கி மாட்டி, படமும் போட்டிருந்தாள். இன்னொருவர் தன் வாத்துக்கு வெண்டெலின் தலை மாதிரியே பாதித் தொப்பி போட்டிருந்தார். லைலின் கடையில் யாரோ படம் எடுத்திருக்க வேண்டும்.

'எல்லாம் அபிப்பிராயம். எனக்கு வேண்டியது ஆதாரம்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார் வெண்டெல். மறுநாள் காலை ஓக் ஹாலோ என்கிற பேட்டைக்குப் போய், ஒரு தெருமுனையில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, கேட்கிற சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்தார். புல் வெட்டும் இயந்திரம், ஒன்று. தும்மல், ஒன்று. பத்து மணிக்கு ஜன்னலைத் தட்டினார் ஒரு போலீஸ்காரர்.

"காலையிலேர்ந்து இங்கயே உக்காந்து எழுதிட்டிருக்கீங்களாம்?"

"தெருவுல எத்தனை சத்தம் வருதுன்னு எண்ணிட்டிருக்கேன் ஆபீசர்."

"எத்தனை வந்துது?"

"உங்க சைரனோட சேத்து நாப்பத்தொண்ணு."

"ஒன்பது வீட்லேர்ந்து புகார் வந்திருக்கு சார். அதுல அஞ்சு பேர், அவர் ஏதாவது சாப்பிட்டாரான்னும் கேக்கச் சொன்னாங்க. உங்க பேரு?"

"வெண்டெல் புருசாக்."

போலீஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வாத்துக்காரரா? எங்கம்மா உங்களுக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதியிருக்காங்களே, படிச்சீங்களா?"

படித்திருந்தார்.

போலீஸ்காரர் இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓக் ஹாலோ தேவாலயக் கூடத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவார்கள். "நீங்களும் ஏதாவது எடுத்துட்டுப் போங்க. நேர்ல பழகிட்டா எல்லாம் சரியாயிடும்."

வெண்டெல் தன் ஊர்ப் பெருமையைக் காட்டுவதற்காக ஐம்பது சிகாகோ ஹாட் டாக் செய்து எடுத்துப்போனார். கூடம் முழுக்கப் பீன்ஸ், உருளைக்கிழங்கு, உருகிய சீஸ். எல்லாரும் சிரித்தபடி வரவேற்றார்கள். மன்னித்துவிட்டார்கள் போலத்தான் இருந்தது. மிசஸ் டிட்மர் என்கிற அம்மாள், அந்தப் பேட்டைச் சங்கத்துக்கே தலைவி, முதல் ஆளாக வந்து ஒரு ஹாட் டாக் எடுத்தாள். பக்கத்திலிருந்த தக்காளி சாஸ் புட்டியைக் கவிழ்த்தாள்.

"ஐயையோ!" என்று அலறி வெண்டெல் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

"இதுமேல சாஸ் ஊத்தக் கூடாதும்மா! எங்க ஊர்ல சின்னப் புள்ளைகூட ஊத்தாது. அது காட்டுமிராண்டித்தனம்!"

மிசஸ் டிட்மர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். தட்டைக் கீழே வைத்தாள். புன்னகை மாறவில்லை.

"அப்படியா? அது… வித்தியாசமா இருக்கு."

அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். தேவையே இல்லை, 'வித்தியாசமா இருக்கு' என்ற ஒன்று போதும், ஏழு தலைமுறைக்குக் காணும். மீதி நாற்பத்தொன்பது ஹாட் டாக்கும் தீண்டுவாரின்றிக் கிடந்தன. கிளம்பும்போது ஒவ்வொருவராக வாசல் வரை வந்து கைகொடுத்து, வானிலை விசாரித்து, சாலையில் மான் குறுக்கே வரும், பார்த்துப் போங்கள் என்று சொல்லி வழியனுப்பினார்கள். விடைபெறவே முக்கால் மணி நேரமானது. அத்தனை பேரில் ஒருவர்கூட மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை வந்துவிட்டது. லாரிக்கு மூன்று நாள். வெண்டெல் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பதினொரு பேட்டை, பதினொன்றும் சிவப்பு. லோர்னா ஒன்றே ஒன்றைச் செய்யச் சொன்னாள். அதையும் செய்யத் துப்பில்லை என்று தோன்றியது. லோர்னாவைக் கூப்பிட்டார்.

"லோர்னா, இந்த ஊர்ல பேட்டையே இல்ல."

"அலட்டிக்காத. உன் கண்ணுக்குத் தப்பாது. எல்லாத்தையும் காட்டிட்டாங்களா அந்தம்மா?"

"கெட்டில் தெருன்னு ஒண்ணு. அது எனக்கு ஒத்து வராதுன்னாங்க."

"அப்ப அது வேண்டாம், விடு. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?"

வெண்டெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை வைத்த இரண்டாவது நிமிடம் கார் கிளம்பிவிட்டது.

கெட்டில் தெருவில் ஒரு வெள்ளை வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கியது. எதிர்வீட்டில் வெர்ன் என்று ஒருவர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தெரு எப்படிங்க?"

"இங்கயா? வேண்டாம் சார். வேற பக்கம் பாருங்க."

"ஏன்?"

வெர்ன் கொஞ்சம் யோசித்தார். "வெயில் ஜாஸ்தி."

பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலுக்கே வந்து சொன்னாள்: "வேண்டாங்க. ஒரே நிழல்."

வெண்டெல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஒரு தெருவே சேர்ந்து ஒருவனைத் துரத்துகிறது என்றால் அங்கே புதையல் இருக்க வேண்டும். நல்லதையெல்லாம் தங்களுக்கே பதுக்கி வைத்துக்கொண்டு, அசலூர்க்காரனுக்கு மணியும் வாத்தும் காட்டுகிறார்கள்! வெள்ளை வீட்டு ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். பெரிய சமையலறை. கண்ணுக்கெட்டிய தூரம் ரயில் இல்லை. அந்தப் பெண்மணியின் வாசலில் மூன்று காற்றுமணிகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. 'மெல்லிய இசை' என்று பச்சைப் பேனாவால் எழுதினார்.

அரை மணி நேரத்தில் பெர்னடீன் வந்தாள்.

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்."

"இதுதான் வேணும்."

"தெரு ரொம்பச் சின்னது சார்."

"எனக்குச் சின்னதுதான் பிடிக்கும்."

"உங்க மனைவிக்குப் பிடிக்காம போயிட்டா?"

"பதினாறு வருஷமா அவளுக்கு வீடு பாத்தவன் நான். உங்களுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருக்கலாம் பெர்னடீன். ஆனா பேட்டை பாக்கறதுக்குக் கண்ணு வேணும்."

பெர்னடீன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டோமே என்று வெண்டெலுக்குச் சங்கடமாகப் போய்விட்டது, கைக்குட்டையை நீட்டினார். அவள் வாயில் அதைப் பொத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தின் கடைசித் தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டார். சாவி கைக்கு வந்தது.

அங்கிருந்தே மனைவிக்குச் சொன்னார். "முடிச்சிட்டேன், லோர்னா. எல்லாரும் தடுத்தாங்க. நான் அசரல."

மறுமுனையில் லோர்னா மிகவும் மெதுவாக, "எனக்குத் தெரியும் வெண்டெல், நீ எப்படியும் கண்டுபிடிச்சிருவேன்னு" என்றாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் நெஞ்சு அகலமாக இருந்தது. பாதித் தலையை நிமிர்த்திக்கொண்டு, தன் வீட்டுப் படியில் இறங்கி நின்றார். தபால்காரி ஒருத்தி பையோடு தெருவில் வந்தாள்.

"புதுசாக் குடி வர்றீங்களா?"

"ஆமா. ஊரே வேண்டாம்னு சொல்லிச்சு. நான் ஒருத்தனாத் தேடிக் கண்டுபிடிச்சேன். பேரு வெண்டெல் புருசாக்."

"புருசாக்கா? அட, லோர்னாவோட வீட்டுக்காரர்!" என்றாள் தபால்காரி. "ஜூலைல இன்டர்வியூக்கு வந்த அன்னைக்கே அவங்க இந்த வீட்டைப் பேசி முடிச்சுட்டாங்களே! 'அவர் வருவாரு, எல்லாரும் வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை அவரே பாத்துக்குவாரு'ன்னு வீடு வீடா ஏறி இறங்கி எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனாங்க."