குகதாசன் கைநீட்டி வாங்காத கடிதம்

பாரிஸ் 10
27 மே 2020

பேரன்புக்குரிய யோன் அத்தானுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே மூவரும், லியோனில் மகள் கஜந்தினியும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் சுகமாயிருக்கத் தினமும் மன்றாடுகிறேன். உங்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும் என் குரல் கடுக்கிறதாம், உங்கள் தங்கை பேர்ளி சொல்கிறாள். கஜந்தினியின் முதல் நற்கருணை விழாவுக்கு, 2006 மே 14, ஞாயிறு, எண்பது பேருக்குச் சமைத்து வைத்திருக்க நீங்கள் வராமல் விட்டதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆனால் குகதாசனை எனக்கு வாடகைக்காரனாக அனுப்பினீர்களே, அதை மறப்பதற்கில்லை.

ஃபொபூர் சேன்-தெனியில், ஐந்தாம் மாடியில் இருக்கும் என் ஒற்றை அறை வீட்டை, "தங்கமான பெடியன், கரைச்சல் தரமாட்டான்" என்று சொல்லி அவனுக்கு எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். பெடியனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கஜந்தினி படிப்பு முடித்து டிசம்பரில் பாரிசுக்கு வேலைக்கு வருகிறாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். ஒப்பந்தம் நவம்பர் 30இல் முடிகிறது. பிள்ளைக்கென்று வீட்டைத் திருப்பிக் கேட்பதானால் ஆறு மாதத்துக்கு முன்பே, அதாவது மே 30க்குள், அறிவித்தல் வாடகைக்காரனின் கையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தவறினால் இன்னும் மூன்று வருடம் அவன்தான்.

மார்ச்சில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உள்ளிருப்பு வந்துவிட்டது. கொரோனாவுக்குப் பயந்து அவன் தபாற்கந்தோர்ப் பக்கமே போகவில்லை. அவன் எடுக்காத தபால் சட்டத்தின் கண்ணில் கிடைக்காத தபால்; என்னிடமே திரும்பியது. இனி நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உள்ளிருப்பில் வெளியே போக நாமே அனுமதிப்பத்திரம் நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்ததல்லவா? கடைக்குப் போக, டொக்டரிடம் போக, நாயை உலாத்த என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, வாடகைக்காரனை வீட்டைவிட்டு எழுப்பப் போகக் கட்டம் இல்லை. ஆகவே 'உதவி தேவைப்படும் ஒருவருக்கு உதவ' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக்கொண்டு புறப்பட்டால், வாசலில் உங்கள் தங்கை மறிக்கிறாள்.

"ஒருத்தற்றை வீட்டுக்கு வெறுங்கையோடையே போறியள்?"

"நான் அவனை எழுப்பப் போறன் பேர்ளி."

"எழுப்புங்கோ. அதுக்காக அந்தாள் பட்டினி கிடக்கோணுமே?"

பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டித் தந்தாள். குகதாசன் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தான். பாத்திரம் உள்ளே போனது. கடிதம் போகவில்லை.

"என்னண்ணை அது?"

"அறிவித்தல். ஒரு கையெழுத்துப் போடு."

"ஐயோ, கடுதாசியிலை வைரஸ் இருக்குமாம். ஒரு கிழமை வெளியிலை வையுங்கோ."

"அப்ப பிட்டிலை இல்லையோ?"

"பிட்டைச் சூடாக்கலாம் அண்ணை. கடுதாசியைச் சூடாக்கேலுமே?"

நான் இரண்டு பட்டம் பெற்றவன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவன் உணவகச் சமையற்காரன், உணவகமும் பூட்டு. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று கணவாய்ப் பிரட்டல் நிரப்பித் தந்தான். அதே பாத்திரத்தைப் பேர்ளி மட்டும் வெறுமையாக அனுப்புவாளா? இப்படி உள்ளிருப்பு முடிவதற்குள் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் என்னைப் படியில் இருத்தி, கதவிடுக்கால் ஒரு மணித்தியாலம் கதைக்கிறான். மன்னார்க் கடல், மாநகரசபைத் தேர்தல், நீங்களும் அவனும் ஒரே அறையில் இருந்த காலத்தில் நீங்கள் விட்ட குறட்டை, எல்லாம் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. என் வீட்டிலென்றால் மகன் தனோஜன் காதில் மாட்டியதைக் கழற்றாமல் "வுய், பப்பா" என்பதோடு சரி, பேர்ளி தொலைபேசியில் செபமாலை, மனுசனுக்கு நிம்மதி. வாடகையோ ஒரு நாள் பிந்தாது. வழக்குப் போடக்கூட ஒரு பிழை விடமாட்டான், அவ்வளவு கல்நெஞ்சன்.

நேற்று இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தொலைபேசி எடுத்து, நான் முயன்றதற்குச் சாட்சியாகப் பதினொரு அனுமதிப்பத்திரங்களையும் அனுப்பினேன். அங்கிருந்த பெண் வாசித்துவிட்டு, "மொன்சியூ, இவர் உதவி தேவைப்படும் மனிதர் என்று பதினொரு முறை கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். இவரையா வெளியேற்றப் போகிறீர்கள்?" என்றாள். நீதிமன்ற அலுவலர் மூலமாகவும் கொடுக்கலாமாம். எனக்குக் கிடைத்த முதல் திகதி யூன் 8.

ஆகையால் அத்தான், நீங்கள் பிடித்துத் தந்த ஆளுக்கு நீங்களே சொல்லி, கடிதத்தை வாங்கவையுங்கள். இன்னும் மூன்று நாள்தான். உங்கள் இரத்த அழுத்தத்துக்காகவும் மன்றாடுகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீரைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்டால்.

மனத்தாங்கலோடும் மாறாத அன்போடும்,
உங்கள் மைத்துனன்
கிங்ஸ்டன்

பி.கு. (31 மே): இதை இன்னும் உங்களுக்கு அனுப்பவில்லை. நேற்றுப் பின்னேரம் குகதாசன் சங்கிலியைக் கழற்றிக் கதவை முழுதாகத் திறந்தான். முகக்கவசம், கையில் பேனா. பின்னால் இரண்டு பெட்டி கட்டியிருந்தது.

"பிள்ளைக்கு வீடெண்டு இண்டைக்குத்தான் பேர்ளியக்கா சொன்னவ. முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

"எங்கை போவாய்?"

"தூரத்திலைதான் ஒரு அறை இருக்குதாம். பார்ப்பம்."

கடிதம் என் கையில்தான் இருந்தது. "கடுதாசியிலை வைரஸ் இருக்கும்," என்றேன். "ஒரு கிழமை வெளியிலை கிடக்கட்டும்."

சட்டப்படி இன்னும் மூன்று வருடம். பாத்திரத்தில் நண்டு. கஜந்தினிக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் வரவேற்பறையில் படுப்போம். ஏன் இப்படி என்று கேட்டவளிடம், யோன் மாமாதான் தடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து மறுக்க வேண்டாம். முதல் நற்கருணைக்கு வராததை அத்துடன் உண்மையாகவே மறந்துவிடுகிறேன்.