கழுத்தில் வராத வீக்கம்

"மூச்சைப் பிடிச்சு நல்லா முக்குங்கம்மா!"

நூலகர் அம்மாள் பட்டும் படாமலும் முக்கினார். ஸ்கேன் திரையில் கழுத்து ரத்தக்குழாய் சமர்த்தாகக் கிடந்தது.

"வீட்ல வந்துச்சே டாக்டர். இருமினா எலுமிச்சங்காய் மாதிரி புடைக்கும். அப்புறம் அமுங்கிடும்."

டாக்டர் ஸ்கேன் கருவியைக் கழுத்தில் இன்னும் அழுத்தினார். படித்து முடித்ததிலிருந்து காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களையே பார்த்துச் சலித்தவர் அவர். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாய் பலூனாக உப்புகிற அபூர்வக் கேஸ் இன்றைக்குத்தான் வாசல் தேடி வந்திருந்தது. படம் பிடித்த பிறகு பேசியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? பெரிய டாக்டருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாயிற்று. மதியக் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பற்றிப் பேச இவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

"கருவியை இப்படி அழுத்தினா குழாய் நசுங்கிடும் டாக்டர்," என்றாள் நர்ஸ்.

அதுவும் சரிதான். டாக்டர் அசடு வழிந்தார். கையைத் தளர்த்தியும் வீக்கம் வரவில்லை.

"கத்துங்கம்மா!"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து மத்தவங்களைக் கத்தாதீங்கன்னே சொல்லிட்டிருக்கேன். இப்ப எனக்கே வர மாட்டேங்குது."

கோபம் வந்தால் கத்துவார் என்று நினைத்து, "லைப்ரரி புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போடப் போறாங்களாமே?" என்றார் டாக்டர்.

அம்மாளுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதார். அதற்கும் கழுத்து புடைக்கவில்லை.

"ஐயையோ, சும்மா சொன்னேம்மா! இதோ, என்னைப் பாருங்க." டாக்டர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்திக் காட்டினார்.

வெளியே காத்திருந்த நோயாளிகளில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். பெரிய டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரைய்யா கொல்றே? எங்கே அந்த வீக்கம்?"

"இதோ வந்துரும் சார்! அம்மா, என்கூடச் சேர்ந்து கத்துங்க. ஆஆஆ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டர் இவரையே உற்றுப் பார்த்தார். மானம் கப்பலேறிவிட்டது என்று டாக்டருக்குப் புரிந்தது.

"சிரிங்க சார், நல்லா சிரிங்க. ஊருக்கு முந்தி பீத்திக்கிட்டேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. நூலகர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கத்தும்போது உங்க கழுத்துல உப்புச்சே டாக்டர், அச்சு அசலா அதேதான் எனக்கும் வரும். உங்களோடது கொஞ்சம் பெரிசு."