மன்னரின் இடது கண்ணில் ஒரு வீடு

முகபுரி என்றொரு நாடு. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை பானையில் புளியங்கொட்டை போட்டு மக்களே மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பாவத்துக்கு அவர் முகத்தையும் சுமப்பார்கள். தலைநகரின் கூரைகளுக்கெல்லாம் வண்ணம் பூசி, அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் மன்னரின் முகம் தெரியும்படி செய்வது அந்நாட்டு வழக்கம். மன்னர் காலையில் எழுந்து அந்த முகத்தைப் பார்ப்பார். முகம் நன்றாக இருந்தால் நாடும் நன்றாக இருப்பதாக அர்த்தம்.

பூங்காவனத்தின் ஓட்டு வீடு மன்னரின் இடது கண்ணில் இருந்தது. கருவிழியில் என்றாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இது ஓரத்தில், மூக்கை ஒட்டி. மகள் கனகு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் படுக்கிற கட்டிலுக்கு நேர்மேலே கூரை ஒழுகியது. பச்சைப் பிள்ளையை எங்கே கிடத்துவது என்கிற கவலை பூங்காவனத்தைத் தூங்கவிடவில்லை. கூரையை மாற்ற அனுமதி கேட்டுத் திருமுகக் காப்பாளரிடம் போனாள்.

காப்பாளர் நகர வரைபடத்தை விரித்தார். வீடு இருக்குமிடம் தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அவளை அல்ல, வரைபடத்தை.

“அம்மா, நீங்கள் கேட்பது கூரை மாற்ற அனுமதி அல்ல. மன்னரின் கண்ணைப் பிடுங்க அனுமதி.”

“ஒழுகுதுங்க ஐயா. வீட்ல பிள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கா.”

“மன்னரின் கண் ஒழுகுகிறது என்கிறீர்களா?”

அவள் வீடு திரும்பினாள். ஆனால் விஷயம் மேலிடம் வரை போய்விட்டது. மறுவாரமே ஆணை வந்தது: கண் பகுதியில் ஒழுகுவது மழைநீர் அல்ல, மக்களின் நல்வாழ்வைக் கண்டு மன்னர் வடிக்கும் ஆனந்தக் கண்ணீர், அதை ஒரு சொட்டும் சிந்தாமல் பிடித்து அரண்மனையில் சேர்க்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் இருந்த ஒரே உலர்ந்த மூலையும் அரசாங்கப் பானைகளுக்குப் போனது. நிறைமாதக்காரி கனகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பானை மாற்றினாள்.

பேத்தி பிறந்த சமயத்தில் தேர்தல் வந்தது. எதிரணிக்காரர் வீடு வீடாக வந்து, ஒழுகும் கூரையைப் பார்த்துக் கண் கலங்கி, தான் வந்தால் முதல் வேலை கூரைதான் என்று சத்தியம் செய்தார். பூங்காவனம் அவர் பானையில் புளியங்கொட்டையைப் போட்டாள். அவரே ஜெயித்தார்.

சொன்னபடி முதல் வேலையாக ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கையில் ஓடு இல்லை, சுண்ணாம்பு வாளி இருந்தது. புதிய மன்னர் எப்போதும் சிரித்த முகம். பூங்காவனத்தின் வீடு இப்போது அவருடைய முன்பல்.

“மேல ஏறாதீங்கய்யா, உத்திரம் இத்துப் போயிருக்கு” என்றாள் அவள்.

“இற்றுப்போனதற்கு அனுமதி வாங்கினீர்களா?” என்று கேட்டுவிட்டு மேற்பார்வையாளர் தானே முதலில் ஏறினார்.

நல்லவேளை, கனகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போயிருந்தாள். கூரை மொத்தமும், மேற்பார்வையாளர் உட்பட, கட்டிலின்மேல் வந்து விழுந்தது.

மறுநாள் காலை மாடத்துக்கு வந்த மன்னர், தன் முன்பல் ஒன்றைக் காணாமல் அலறினார். அவசர அவையில் காப்பாளர் சட்டத்தை எடுத்துச் சொன்னார்: திருமுகம் ஒருபோதும் தவறாக இருக்க முடியாது, ஆகவே தவறு மன்னரின் வாயில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மன்னரே மீற முடியுமா? மாலைக்குள் அரண்மனை வைத்தியர் அந்தப் பல்லைப் பிடுங்கினார்.

பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. பூங்காவனம் உடனே கறுத்துப்போன பனையோலை வாங்கி அடர்த்தியாக வேய்ந்தாள். அன்று பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பேத்தி கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். பார்க்கப் பார்க்க பூங்காவனத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மன்னரின் பல் போன கதை ஊர் முழுக்கப் பரவியது. மன்னரின் கழுத்துப் பகுதியில் குடியிருந்தவர்களின் கூரைகளும் வெகுகாலமாக ஒழுகிக்கொண்டிருந்தன. அவர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு ஆளுக்கொரு ஏணி எடுத்தார்கள்.