வசனம் இல்லாத வேடம்

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வசனம் இல்லாத வேடம் பாதுகாப்பானது என்று நம்பாதீர்கள். நான் நம்பிக் கெட்டவள்.

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பெருமழை பெய்தால் எதிர்வீட்டு மேரி அக்காவின் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். போன மழையில் ஃபிரிட்ஜ் போனது. இன்னொரு தடவை வந்தால் வீட்டை விற்றுவிட்டு கூடுவாஞ்சேரிக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். (தெருவில் என்னிடம் வலிய வந்து பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.)

அப்போதுதான் ஒரு கல்லூரியிலிருந்து மாலினி என்ற பெண் ஆய்வுக்கு வந்தாள். கேள்வித்தாள் எதுவும் கொண்டுவரவில்லை. தெருக்காரர்களே சேர்ந்து நாடகம் போட்டு, தண்ணீர் ஏன் புகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். என் கணவர் உடனே கோபக்காரக் குடிமகன் வேடத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பேச வராது என்றேன்.

"அப்ப நீங்க தண்ணியா வாங்கக்கா. மழைத்தண்ணி எப்படிப் போகுமோ அப்படியே நடந்தா போதும்" என்றாள் மாலினி.

ஒத்திகை மொட்டை மாடியில் நடந்தது. நாடகம் தெருவிலேயே. நீலப் புடவை ஒன்றை இடுப்பில் செருகி, மறுமுனை தரையில் இழுபடப் புறப்பட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். தரை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் துடைப்பத்தோடு வாசலில் தண்ணீரைத் தள்ளுகிறவள் நான். அது போகும் வழி என் கால்களுக்குத் தெரியும். (தள்ளிவிட்டது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.) ஓரமாகவே வந்தேன். ஸ்கூட்டரை ஏற்றுவதற்காக எங்கள் வாசலில் கணவர் போட்ட சிமென்ட் சரிவு காலில் இடித்தது. தண்ணீர் அங்கே நிற்கும். நானும் நின்றேன்.

சரியாக அப்போது அவர் முழங்கினார்: "தண்ணீர் போகும் வழியை அடைத்தது யார்?"

(ஒத்திகையில் இந்த இடத்தில்தான் கைதட்டல் வரும்.)

ஒருவரும் தட்டவில்லை. எனக்கோ அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் செய்வதையே செய்தேன். திரும்பி, தெருவைக் கடந்து, மேரி அக்காவின் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மேரி அக்கா என்னைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார்.

"வசனம் நல்லாத்தான் கீதுண்ணா" என்றார். "பதிலு உங்க வாசல்ல நின்னுட்டு, இப்ப என் வூட்டாண்ட வந்து குந்திகினு கீது."

கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.) மூன்றாம் நாள் அவரே கடப்பாரை வாங்கிவந்தார். அடுத்த மழையில் தண்ணீர் மேரி அக்காவின் படியோடு நின்றது. அக்காவும் எங்கும் போகவில்லை. எங்கள் ஸ்கூட்டர்தான் தெருவில் நனைகிறது.

இன்றைக்கும் நான் சமையலறை வாசலில் சும்மா நின்றால்கூட, கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

"சொல்லிடும்மா. இப்ப எங்க அடைச்சிருக்கு?"