நோட்டில் மட்டும் பேசிய என் மகள்

நான்கு வயதுப் பையன் ஒருவன் மேல் எனக்குப் பொறாமை வந்திருக்கிறது. வெளியில் சொல்ல வெட்கம்தான். அவன் பெயர் பாபு. அவன் செய்த குற்றம், ரயிலைப் பார்த்து "கூ" என்றது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் மகள் தேவிக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு, வாரம் இரண்டு நாள், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். அங்கே நிர்மலா மிஸ் முதல் நாளே எனக்கு வேலை வைத்தார்.

"இங்க நான் அரை மணி நேரம்தான். வீட்ல நீங்கதாம்மா டீச்சர். அவ கை காட்டினா உடனே எடுத்துக் குடுத்துடாதீங்க. கொஞ்சம் காத்திருங்க, வாய் தொறக்கட்டும். என்ன சொன்னாளோ அதை நோட்டுல எழுதிட்டு வாங்க."

பத்தாவதோடு படிப்பை முடித்த எனக்கு ஹோம்வொர்க் என்றாலே ஓடி ஒளியத் தோன்றும். இருந்தாலும் எழுதினேன். "திங்கள்: கை காட்டினாள். செவ்வாய்: கை காட்டினாள். புதன்: காத்திருந்தேன். அழுதாள்." (அழுதது இருவரும். அவளுடையதை மட்டும் எழுதினேன்.)

பக்கத்தில் உட்காருவது பாபுவின் அம்மா, கூடுவாஞ்சேரி வசந்தாக்கா. அவருடைய நோட்டுக்குப் பிரவுன் அட்டை. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். "நேத்து ரயில பாத்து ‘கூ’ன்னான் மிஸ்! இன்னிக்கு ‘பா’ன்னான், பால் வேணுமாம்!" மிஸ் கை தட்டுவார். நானும் தட்டுவேன். (உள்ளங்கை மட்டும்தான் தட்டியது.) பாபு நன்றாகப் பேசட்டும், ஆனால் தேவிக்குப் பிறகு பேசட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன்: "‘தண்ணி’ என்றாள்." பேனா கூசியது, எனக்குக் கூசவில்லை. மிஸ் கை தட்டினார். வசந்தாக்காவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். அடுத்து ‘பூ’, ‘காக்கா’, ‘அப்பா ஆபீஸ்’. ஒரே மாதத்தில் என் மகள் நோட்டுக்குள்ளிருந்து, "அம்மா, மழை வருது, துணியை எடு" என்று எனக்கே உத்தரவு போட ஆரம்பித்தாள்.

"இங்க மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறாளே?" என்று மிஸ் கேட்டார்.

"உங்களைப் பாத்தா வெக்கம் மிஸ். என்னை மாதிரி."

மிஸ் நம்பினார். அதுதான் வினை. "சனிக்கிழமை புதுசா சேர்ற பசங்களோட அப்பா அம்மால்லாம் வராங்க. பயந்து போயிருப்பாங்க. வீட்ல எப்படிச் செஞ்சீங்கன்னு நீங்க சொல்லுங்க. தேவிக்கு இனிமே மாசம் ஒரு நாள் போதும். அவ இடத்தை வேற குழந்தைக்குக் குடுத்துடலாம்."

ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண்ணின் பயிற்சிக்கு நானே உலை வைத்துவிட்டேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வசந்தாக்கா பக்கத்தில் இருந்தாரே! "சரிங்க மிஸ்" என்றேன்.

சனிக்கிழமை பாயில் பத்துப் பதினைந்து பேர். நான் எழுந்து, "காத்திருக்கணும்..." என்றேன். நானும் காத்திருந்தேன், அடுத்த வார்த்தை வரவில்லை. முன்னால் ஒரு ஆட்டோக்காரர், மடியில் பையன், கையில் புது நோட்டு.

"அக்கா, உங்க பாப்பா ஒரே மாசத்துல துணி எடுக்க சொல்லுச்சாமே, மிஸ் சொன்னாங்க. நாங்க ரெண்டு மாசம் வேணா காத்துகினு கீறோம். இவனும் பேசிடுவான்ல?"

அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொய்ங்க. எல்லாம் நானா எழுதினது. அவ ஒண்ணுமே சொல்லல. பாபு பேசறான்னு பொறாமை மிஸ். அவ இடத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

வசந்தாக்கா விருட்டென்று எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி! அந்தப் பொண்ணு மழைன்றா, துணின்றா, நீ இன்னும் ‘கூ’லயே கீறியேன்னு நேத்துகூட இவன் முதுகுல ரெண்டு வெச்சேனேடி!" பாபுவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் சேர்ந்துகொண்டேன். ஆட்டோக்காரர் தன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மே, நாமளும் இப்டித்தான் ஆயிடுவோமா?"

மிஸ் திட்டவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் சொல்லலன்னா ‘ஒண்ணும் சொல்லல’ன்னே எழுதுங்க. அதை வெச்சுத்தான் அடுத்து என்ன செய்யணும்னு நான் பாக்கணும். பக்கத்து நோட்டை மட்டும் பாக்காதீங்க."

தேவியின் இடம் தப்பியது. நான் தப்பவில்லை. புதுப் பெற்றோர் வரும்போதெல்லாம் இந்தக் கதையை நானே எழுந்து சொல்ல வேண்டும் என்றார் மிஸ். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஒளிந்துகொள்கிற நான், இரண்டு வருடம் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து தேவி முதல் வார்த்தை பேசினாள். பயிற்சி முடிந்து வசந்தாக்காவோடு ஒரே ரயிலில் திரும்பி, பெருங்களத்தூரில் நாங்கள் இறங்கிவிட்டோம். நகர்கிற ரயிலின் ஜன்னலில் வசந்தாக்கா. அவரைப் பார்த்துத் தெளிவாக, "அக்கா!" என்றாள்.

பத்து மாதம் சுமந்தது நான். ரயிலில் கடலை வாங்கிக் கொடுத்தது அவர், முதல் வார்த்தையும் அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போனேன்.

இன்றும் வசந்தாக்கா போன் செய்தால் என் வீட்டுக்காரர் அதை என்னிடம் தருவதில்லை. "தேவி, உங்கம்மா பேசறாங்க" என்று மகளிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்புவார். "நீ போய் நோட்டுல எழுதிக்கோ."