முழு ஆதரவுடன் மூன்று நாள் மிதிவண்டிப் பயணம்

மிதிவண்டிப் பயணத்தில் பெரிய ஆபத்து மிதிவண்டிதான் என்று ஏற்பாட்டுக் குழு முதல் கூட்டத்திலேயே ஒருமனதாகக் கண்டறிந்தது.

குழுத் தலைவர் குணாளன் தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுபவர் அவர். "அன்பர்களே. பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தொடக்கம். தீவைச் சுற்றி, ஃபெரி ஏறி, அக்கரையில் பத்து காவான் ஊரில் நிறைவு. ஓட்டுவது நீங்கள். பின்னாலேயே வேன். மற்றதெல்லாம் நாங்கள்."

ஓட்ட வந்தவர்கள் ஆறு பேர். வழக்கறிஞர் அம்பிகைபாகனின் சைக்கிள், அவர் காலையில் பசியாறிய ரொட்டி சானாயைவிட எடை குறைவு. கண்ணாடி, கையுறை, காலுறை எல்லாம் ஆரஞ்சு. உடுப்பின் இறுக்கத்தில் முகம் மட்டும் ஊதா.

குமுதாவிடம் சாதாரண சைக்கிள்தான். பத்து காவான் தொழிற்சாலையில் வேலை. "நீ வேன்ல வந்து எறங்கலன்னா என் பேர மாத்திக்கிறேன்லா" என்று அவளுடைய சூப்பர்வைசர் ஜெகதீஸ்வரி சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் மொத்த ஷிப்டும் கேட்டில் நின்று பார்க்கப் போகிறது. ஒரு மீட்டர்கூட வேனில் ஏறுவதில்லை என்று குமுதா முடிவு கட்டிவிட்டாள்.

துணைக்கு வந்தது முனுசாமியின் கோஷ்டி. வருடா வருடம் தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களோடு கூடவே ஓடுகிறவர்கள். துணை என்றால் துணைதானே என்று குழு நினைத்தது. கோஷ்டிக்குத் தெரிந்தது ஒரே வேலை: வியர்த்துப் போன ஆள் நின்றால் பின்னால் முக்காலி போடுவது, காலில் தண்ணீர் ஊற்றுவது, எலுமிச்சம்பழம் பிழிவது.

முதல் சிவப்பு விளக்கில் குமுதா ஒரு காலை ஊன்றினாள். ஊன்றிய கால் நனைந்தது. உட்காரும் இடத்தில் முக்காலி வந்தது.

"எறக்கி வைங்க தங்கச்சி, பாரத்த எறக்கி வைங்க."

"அண்ணே, செவப்பு லைட்டுக்கு நிக்கிறேன்ணே."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் முனுசாமி, எலுமிச்சையைப் பிழிந்தபடி.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். மோர், கடலை, தயிர் சாதம். பந்தலைத் தாண்டிப் போனால் பந்தல்காரர் மனசு புண்படும் என்பதால் எல்லாவற்றிலும் நின்றார்கள். தெலுக் பஹாங் வந்தபோது இரண்டு பேருக்குக் குனிந்து கைப்பிடியைப் பிடிக்க வயிறு இடம் தரவில்லை.

அதற்குப் பிறகு பாலிக் பூலாவ் போகும் மேடு. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"தலைவரே, லாயர் சார் மேட்டப் பாத்துட்டாரு. ஓவர்."

"ஏற்றிக்கொள்ளவும். சைக்கிளுக்கு ஏர்கோன் உண்டா? ஓவர்."

"சைக்கிளுக்கு இருக்கு. சாருக்கு ஃபேன்தான். ஓவர்."

சாரின் பையில் இருந்த கைப்பேசி தூரத்தையும் வேகத்தையும் நேர்மையாக எண்ணிக்கொண்டே வந்தது. அந்த மேட்டை அதுவரை யாரும் அத்தனை வேகத்தில் ஏறியதில்லை என்று உச்சியில் வாழ்த்துச் சொன்னது. முனுசாமி பரிவோடு கேட்டார்: "கால் எப்படி சார்?"

"மரத்துப் போச்சுப்பா. முன் சீட்டுக்காரன் சீட்ட பின்னால தள்ளிட்டான்."

கோஷ்டிக்குச் சாப்பாடு கொண்டுவர ஒரு வேன் சேர்ந்தது. அந்த வேனுக்கு வழிகாட்ட இன்னொன்று. இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து பேர் வேனுக்குள். சாலையில் குமுதா மட்டும். அவள் பின்னால் அவள் வேகத்தில் ஊர்வலமாக வேன்கள். வேன்களுக்குப் பின்னால் பினாங்கு முழுவதும் ஹாரன்.

குணாளன் ஜன்னலை இறக்கினார். "ஆதரவை மறுப்பது விதிமீறல்."

"நான் சைக்கிள் ஓட்டத்தானே வந்தேன், அண்ணே?"

"அது உங்கள் தனிப்பட்ட விருப்பம். குழு பொறுப்பேற்காது."

மூன்றாம் நாள் ஃபெரித் துறை. ஃபெரி இப்போது இரண்டு சக்கரத்தையும் இரண்டு காலையும்தான் ஏற்றும்; வேனை ஏற்றாது என்பது குழுவுக்கு நினைவில்லை. வேன்கள் திரும்பிப் பாலத்துக்குப் போய் நெரிசலில் உட்கார்ந்தன. குமுதா தனியாகக் கடலைத் தாண்டினாள். முக்காலி இல்லை. எலுமிச்சை இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக அவள் மிதித்ததே கிடையாது.

தொழிற்சாலை கேட்டில் மொத்த ஷிப்டும் நின்றது. ஜெகதீஸ்வரி அவளைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வேன் எங்கடி?"

"வேன் இல்லக்கா. முழுக்க ஓட்டியே வந்தேன்."

ஜெகதீஸ்வரியின் முகம் இளகியது. "அடப்பாவமே. வேன்ல கூட ஏத்திக்கலையா உன்ன?"

யாரோ அவளுக்கு ஒரு பன் கொடுத்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வேன்கள் வந்து மூலைக்கு அந்தப் பக்கமே நின்றன. முனுசாமி ஐந்து முகங்களிலும் தண்ணீர் தெளித்தார். வியர்வை தயார். ஆரஞ்சு நிறத்தில் அம்பிகைபாகன் சைக்கிளில் மூலை திரும்பி வந்ததும் கேட்டே அதிர்ந்தது. ஜெகதீஸ்வரி ஓடிப்போய் செல்ஃபி எடுத்தாள். ஐவருக்கும் பதக்கம். முழு ஆதரவைப் பெறாததால் குமுதாவின் பயணம் முழுமையடையவில்லை. ஆறுதல் பரிசாக முக்காலி.

அடுத்த வருடம் ஜெகதீஸ்வரி தலைமையில் மொத்த ஷிப்டும் பெயர் பதிந்தது, வேனுக்கு. இடம் நிரம்பிவிட்டதாகவும், தாமதமாக வருவோர் சைக்கிளில் செல்ல நேரிடும் என்றும் குழு வருத்தத்துடன் அறிவித்தது. அதற்காகவே காத்திருந்த குமுதா அன்றைக்கே போன் போட்டாள்.

"நான் சைக்கிள்ல வரேன், அண்ணே."

குணாளன் விதிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சைக்கிள் என்று ஒன்று வந்தால், விதிப்படி அதன் பின்னால் இன்னொரு வேன் வர வேண்டும். அந்த வேன் காலியாகத்தான் வரும். அதில் நீங்களே உட்கார்ந்துகொண்டால், சைக்கிள் தேவைப்படாது பாருங்கள்."

குமுதா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் ஏறிய மேடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்தப் பன்னையும் நினைத்துப் பார்த்தாள்.

"ஏர்கோன் இருக்கா, அண்ணே?"